சென்னை மாகாணத்தில் இளவயது மகப்பேறு: சமூக, பொருளாதாரக் காரணிகள் – ஒரு வரலாற்று நோக்கு (1860–1978)

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாகாணத்தில் பெண்கள் பதின்பருவத்திலேயே தாய்மை எய்திய நிலை, பெரும்பாலும் குழந்தை மணம் என்னும் சமயச் சடங்கின் விளைவாகவே விளக்கப்பட்டு வந்துள்ளது. அவ்விளக்கம் பூப்புக்கு முன் மணம் செய்யும் வழக்கமுடைய சில சாதியாருக்கே பொருந்தும். உழவிலும் கூலியிலும் வாழ்ந்த பெரும்பான்மையோரிடம் மணம் பூப்புக்குப் பின்னரே நிகழ்ந்தது. எனினும் அவர்தம் பெண்களும் பதின்பருவத்திலேயே பிள்ளை பெற்றனர். பரிசம், வரதட்சணை, உறவுமுறைத் திருமணம், நிலவுடைமை, பெண்ணின் உழைப்பு, பள்ளியின்மை ஆகியவை இந்நிலையை உருவாக்கிய விதத்தையும், 1860 முதல் 1978 வரை இயற்றப்பட்ட சட்டங்கள் அவற்றை எந்த அளவு தொட்டன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மண வயதைக் கணக்கிட்ட அரசும் சீர்திருத்தவாதிகளும் முதற்பேற்று வயதை நெடுங்காலம் கணக்கிடாமல் விட்டதே சட்டங்களின் வலுவின்மைக்கு அடிப்படை என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: இளவயது மகப்பேறு, இசைவு வயது, சாரதா சட்டம், பரிசம், வரதட்சணை, சென்னை மாகாணம், பெண்கல்வி.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியச் சமூகச் சீர்திருத்தம் பற்றி எழுந்த விவாதங்களில் மூன்று பொருள்கள் முதன்மை பெற்றன. அவை கைம்பெண் மறுமணம், குழந்தை மணம், பெண்கல்வி என்பன. இளவயது மகப்பேறு தனிப்பொருளாக இவ்வரிசையில் இடம்பெறவில்லை. அது குழந்தை மணத்தின் கிளைச் சிக்கலாகவே கருதப்பட்டது. மணத்தைத் தடுத்தால் மகப்பேறு தானே தள்ளிப்போகும் என்ற எண்ணமே இதற்குக் காரணம்.

இவ்வெண்ணம் முழுவதும் தவறன்று. ஆயினும் தமிழ்ப் பகுதியின் மண வழக்கங்களை நோக்குங்கால் அது போதுமானதன்று என்பது புலனாகும். பார்ப்பனர், கோமுட்டியர் முதலிய சில சாதியாரிடம் பெண்ணின் மணம் பூப்புக்கு முன்பே முடிக்கப்பட்டது. பெண் பூப்பெய்திய பின் சாந்தி முகூர்த்தம் என்னும் தனிச்சடங்கு நடத்தப்பட்டு, அதன் பின்னரே இல்லறம் தொடங்கியது. உழவர், கைவினைஞர், கூலித் தொழிலாளர் ஆகியோரில் பெரும்பாலோரிடம் பூப்பு நீராட்டு முதலிலும் மணம் அதன் பின்னரும் நிகழ்ந்தன. முன்னவரிடம் மணத்திற்கும் இல்லறத்திற்கும் இடையே சில ஆண்டு இடைவெளி இருந்தது. பின்னவரிடம் அவ்விடைவெளி இல்லை. எனவே மண வயதில் பெரிய வேறுபாடு காணப்பட்டாலும், இரு வழக்கங்களும் பூப்பையே இல்லறத்தின் வாயிலாகக் கொண்டன. முதற்பேறு இரு தரப்பிலும் பூப்பெய்திய சில ஆண்டுகளுக்குள் நிகழ்வது இயல்பாயிற்று.

இதனால் விளைந்த ஆய்வுச் சிக்கல் ஒன்றுண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வயது வாரியாக மணமானோர் தொகையைத் தந்தது. முதற் குழந்தையைப் பெற்றபோது தாயின் வயது என்ன என்பதை அது முறையாகத் தரவில்லை. எனவே குழந்தை மணம் கண்ணுக்குப் புலப்பட்ட சமூகங்களின் மீதே விவாதம் குவிந்தது. வயலிலும் குடிசையிலும் பிள்ளை பெற்ற இளந்தாயர் புள்ளிவிவரத்திற்கு வெளியே நின்றனர்.

மணச் செலவும் பெண்ணின் வயதும்

இளவயது மணத்திற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்றன்று. அது சாதிக்கும் உடைமைக்கும் ஏற்ப வேறுபட்டது. மணமகன் வீட்டார் பெண்வீட்டாருக்குப் பொருள் தரும் பரிச முறை உழைக்கும் மக்களிடையே பரவலாக இருந்தது. பெண் வயலில் நாற்று நடவும் களையெடுக்கவும் கதிர் அறுக்கவும் வல்லவள். அவளை அனுப்பும் குடும்பம் ஓர் உழைப்பாளியை இழக்கிறது. பரிசம் அவ்விழப்பிற்கான ஈடு என்றே கொள்ளப்பட்டது. இம்முறையில் பூப்புக்கு முன்பே பெண்ணை அனுப்பிவிடும் அவசரம் பெற்றோருக்கு இல்லை. ஆனால் பெண் பூப்பெய்திய பின், அவளது உழைப்பையும் அவள் பெறப்போகும் பிள்ளைகளையும் எதிர்நோக்கிய மணமகன் வீட்டார் காலம் தாழ்த்த விரும்பவில்லை.

பொருள் கொடுத்துப் பெண் கொள்ளும் முறை வறுமையோடு சேர்ந்தபோது கொடிய வடிவெடுத்தது. சென்னை மாகாணத்தின் வடபகுதியான விசாகப்பட்டின மாவட்டத்தில் பார்ப்பனக் குடும்பங்களிடையே கன்யாசுல்கம் என்னும் பெண்விலை வழங்கிற்று. விஜயநகர மன்னர் ஆனந்த கஜபதி மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்த இத்தகைய மணங்களைத் தொகுக்கச் செய்தார். 1,034 மணங்கள் பதிவாயின. ஐந்து வயதும் அதற்குக் குறைந்த வயதும் உடைய பெண் குழந்தைகள் அப்பட்டியலில் இருந்தனர். குரஜாடா அப்பாராவ் 1897இல் வெளியிட்ட 'கன்யாசுல்கம்' நாடகத்தின் முன்னுரை இச்செய்தியைத் தருகிறது. வயது முதிர்ந்தோருக்குப் பொருளுக்காகக் கொடுக்கப்பட்ட இச்சிறுமியரில் பலர் கைம்மையையும் சிலர் இளந்தாய்மையையும் ஒருங்கே சுமந்தனர்.

தமிழ் மாவட்டங்களின் பார்ப்பனக் குடும்பங்களில் நிலைமை எதிர்த்திசையில் சென்றது. ஆங்கிலக் கல்வியும் அரசுப் பணியும் பெற்ற இளைஞர்க்கு மணச்சந்தையில் மதிப்பு உயர்ந்தது. வரதட்சணை பெருகிற்று. பெண்ணின் வயது ஏறுந்தோறும் வரன் கிடைப்பது அரிதாகி, கேட்கப்படும் தொகையும் கூடும் என்ற அச்சம் பெற்றோரை விரைவுபடுத்தியது. பூப்பெய்திய பெண்ணை மணமின்றி வீட்டில் வைத்திருப்பது சாதி விலக்கிற்குரிய குற்றம் என்ற சமய நெறி இவ்வச்சத்தோடு இணைந்தது. பரிசம் பெற்ற வீட்டிலும் வரதட்சணை கொடுத்த வீட்டிலும் பொருள் பாய்ந்த திசை வேறு. பெண் சென்றடைந்த இடம் ஒன்றே.

உறவுமுறைத் திருமணமும் நிலமும்

தென்னிந்தியாவின் தனித்தன்மையான உறவுமுறைத் திருமணத்திற்கும் இதில் பங்குண்டு. மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் ஆகியோரை முறைப்பெண்ணாகக் கொள்ளும் வழக்கம் நிலத்தைக் குடும்ப எல்லைக்குள் நிறுத்திற்று. மணச்செலவைக் குறைத்தது. பழகிய வீட்டிற்கே பெண் செல்வதால் அவளுக்கு ஓரளவு பாதுகாப்பும் கிட்டியது. வட இந்தியாவின் பல பகுதிகளில் அயலூரில் அறியாத குடும்பத்திற்கு அனுப்பப்பட்ட பெண்ணின் நிலையோடு ஒப்பிடுகையில் இது கருதத்தக்க வேறுபாடு.

இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. முறை என்பது பிறப்பிலேயே உறுதியாகிவிடுவதால் வரன் தேடும் காலம் என ஒன்று இல்லை. பெண் பூப்பெய்திய செய்தியைத் தாய்மாமனுக்கு அறிவிப்பதும், அவர் சீர் கொண்டுவருவதும், ஒருவகையில் மண உரிமையை நினைவூட்டும் நிகழ்வுகளாயின. தாய்மாமனே மணமகனாகும் இடத்தில் கணவன் மனைவியரிடையே வயது வேற்றுமையும் மிகுந்தது. மூத்த கணவனின் வீட்டில், விரைந்து பிள்ளை பெறுக என்னும் எதிர்பார்ப்பைப் பதினாறு வயதுப் பெண் மறுக்கும் நிலையில் இல்லை.

பிள்ளைப்பேறே மனைவியின் நிலையை உறுதிசெய்தது. மணமாகி இரண்டோர் ஆண்டுகளில் கருவுறாதவள் மலடி என்னும் பழிக்கு ஆளானாள். கணவன் மறுமணம் செய்வதற்கும் அது காரணமாயிற்று. இந்து ஆண்கள் பலதார மணம் செய்வதற்குச் சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் தடைவிதிக்கும் வரை இத்தகைய மறுமணத்திற்குச் சட்டத் தடை இல்லை என்பது இங்குக் கருதத்தக்கது. சொத்துரிமையற்ற பெண்ணுக்குப் பிள்ளை, அதிலும் ஆண்பிள்ளை, கணவன் வீட்டில் கிடைத்த ஒரே காப்பீடு எனலாம். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்க்கும் வழக்கம் பெண்ணுக்கு ஓய்வையும் அன்பையும் தந்தது. அதே வேளையில் வளைகாப்பு முதல் பேறுகாலச் செலவு வரை அனைத்தும் பெண்ணைப் பெற்றவர் தலையில் விழுந்தன. கருவுறும் காலத்தை வலியுறுத்தியவர் ஒருவர். அதன் செலவை ஏற்றவர் மற்றொருவர்.

மருத்துவமனைகள் காட்டிய உண்மை

இளந்தாயரின் உடல்நிலை பற்றிய சான்றுகள் முதலில் மருத்துவமனைகளிலிருந்தே வெளிவந்தன. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தோன்றியது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆண் மருத்துவரிடம் செல்ல மறுத்த பெண்களுக்கென 1885இல் விக்டோரியா சாதி, கோஷா மருத்துவமனை நிறுவப்பட்டது. மருத்துவமனையின் பெயரிலேயே சாதியும் கோஷாவும் இடம்பெற்றமை அக்காலச் சமூகத் தடைகளுக்குச் சான்று.

வேலூரில் மருத்துவப் பணி தொடங்கிய ஐடா ஸ்கட்டர் தம் வாழ்க்கைத் திருப்பமாகக் கூறிவந்த நிகழ்ச்சி இப்பின்னணியில் பொருள் பெறுகிறது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூவர், பேறுகாலத்தில் துன்புற்ற தம் இளம் மனைவியருக்கு உதவ வருமாறு அவரை அழைத்தனர். அவர் அப்போது மருத்துவம் பயிலாதவர். மருத்துவரான அவர் தந்தையை ஆடவர் என்பதால் அம்மூவரும் ஏற்கவில்லை. மறுநாள் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது. ஆடவர் மருத்துவம் பார்க்கக் கூடாது என்ற தடை வெவ்வேறு சமயத்தாரிடமும் இருந்ததை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. வயதின் தீங்கு தனித்துச் செயல்படவில்லை. மருத்துவம் எட்டாமையோடு சேர்ந்தே அது உயிரைப் பறித்தது.

இடுப்பெலும்பு முழு வளர்ச்சி எய்தாத நிலையில் பேறு தடைப்படுதல், பேறுகால வலிப்பு, இரத்தசோகை, எடை குறைந்த மகவு ஆகியவை இளந்தாயரிடம் மிகுதி என்பதை மருத்துவம் ஏற்கிறது. ஊட்டக்குறை இவற்றைக் கடுமையாக்கும். கூலிக் குடும்பத்தில் வளரும் பெண்ணுக்கு உணவு குறைவு, உழைப்பு மிகுதி. ஆகவே ஒரே வயதில் கருவுறும் இரு பெண்களில் ஏழையின் இடர் பெரிது. 1926ஆம் ஆண்டின் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் பயிற்சி பெற்றோரைப் பதிவு செய்தது. ஆயினும் ஊர்ப்புறப் பேறுகள் மரபுவழி மருத்துவச்சியர் கையிலேயே நெடுங்காலம் இருந்தன.

இசைவு வயதுச் சட்டங்கள்: 1860–1925

1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் இசைவு வயதைப் பத்து என வரையறுத்தது. மனைவியும் இதில் அடங்குவாள். பெஹ்ராம்ஜி மலபாரி 1884இல் வெளியிட்ட குறிப்புகளும், பம்பாயில் ருக்மாபாய் தம் கணவருடன் வாழ மறுத்ததால் கணவர் அவர்மீது தொடுத்த வழக்கும் இப்பொருளை நாடெங்கும் விவாதத்திற்குரியதாக்கின. 1890இல் கல்கத்தாவில் நடைபெற்ற வழக்கு சட்டத்தின் குறையை வெளிப்படுத்தியது. ஏறத்தாழப் பதினோரு வயதுடைய பூல்மணி தாசி என்னும் சிறுமி கணவனின் வல்லுறவால் இறந்தாள். அவள் பத்து வயதைக் கடந்தவள் என்பதால் கணவன் ஹரிமோகன் மைத்தி மீது வன்புணர்வுக் குற்றம் சுமத்த இயலவில்லை. கொடுங்காயம் விளைவித்ததற்காக அவனுக்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இதனைத் தொடர்ந்து 1891ஆம் ஆண்டுச் சட்டம் இசைவு வயதைப் பன்னிரண்டாக உயர்த்தியது. வங்காளத்திலும் மராட்டியத்திலும் எதிர்ப்பு வலுத்தது. பூப்பெய்தியவுடன் கருவுறச் செய்யும் சடங்கு சாத்திரக் கடமை என்பதும், அதில் அயலரசு தலையிடலாகாது என்பதும் எதிர்ப்பாளர் வாதம். சென்னையில் திவான் பகதூர் ஆர். இரகுநாத ராவ் போன்றோர் பூப்புக்குப் பின் மணம் செய்வதற்கே சாத்திர ஒப்புதல் உண்டு என நிறுவ முயன்றனர். வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1914இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொணர்ந்த சட்ட முன்வரைவும் பூப்புக்குப் பிந்திய மணத்தைச் செல்லத்தக்கதாக்கும் நோக்குடையது. அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி' போன்ற புதினங்கள் இவ்விவாதத்தைத் தமிழ் வாசகரிடம் கொண்டுசேர்த்தன.

இச்சீர்திருத்த முயற்சிகளின் எல்லை தெளிவானது. பூப்புக்கு முன்னா பின்னா என்பதே அவற்றின் வினா. பூப்புக்குப் பின் மணம் செய்யும் சமூகங்கள் ஏற்கெனவே சீர்திருந்தியவை என்ற தோற்றம் இதனால் எழுந்தது. பதினான்கு வயதில் மணந்து பதினாறில் பிள்ளை பெறும் உழவர் மகள் இவ்வாதத்தில் எங்கும் காணப்படவில்லை. 1925ஆம் ஆண்டுத் திருத்தம் மணவுறவுக்குள் பதின்மூன்று, வெளியே பதினான்கு என வயதை மாற்றியபோதும் இந்நிலை தொடர்ந்தது.

ஜோஷி குழுவும் சாரதா சட்டமும்

1927இல் வெளிவந்த கேத்தரின் மேயோவின் 'மதர் இந்தியா' நூல், இளந்தாயரின் துயரை இந்தியர் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர் என்பதற்குச் சான்றாக்கியது. கண்டனம் பெருகிற்று. ஆயினும் தமிழகத்தில் எல்லாரும் மறுப்போடு நின்றுவிடவில்லை. கோவை அ. அய்யாமுத்து 'மேயோ கூற்று மெய்யா பொய்யா?' என்னும் நூலில் குற்றச்சாட்டின் உண்மைப் பகுதியை நேர்நின்று ஆராய முற்பட்டார். அடையாற்றில் 1917இல் தோன்றிய இந்திய மாதர் சங்கம் மேயோவின் நோக்கத்தை மறுத்துக்கொண்டே மண வயதை உயர்த்தும் கிளர்ச்சியை விரைவுபடுத்தியது.

சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராக விளங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்ணின் மண வயதைப் பதினாறாகவும் ஆணின் மண வயதை இருபத்தொன்றாகவும் ஆக்கப் பரிந்துரைக்கும் தீர்மானத்தை 1928இல் கொணர்ந்தார். மருத்துவர் என்ற முறையில் அவர் சாத்திரச் சான்றைவிடப் பேறுகாலச் சான்றையே முன்வைத்தார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடும் பெண்ணின் மண வயது பதினாறுக்கு மேற்பட்டிருக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. அதனோடு மகளிர்க்குச் சம சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் கோரியது. மண வயதைச் சொத்துரிமையோடு இணைத்த இக்கோரிக்கை அதுகாறும் வந்த சீர்திருத்தங்களினின்றும் அடிப்படையில் வேறானது. பெரியார் 'குடி அரசு' இதழில் கர்ப்பத்தடையைப் பெண்ணின் விடுதலையோடு பொருத்தி எழுதியமையும் இக்காலத்ததே. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டை நோக்கமாகக் கொண்ட பிறர் வாதத்தினின்று அது வேறுபட்டது.

1928இல் அரசு அமைத்த இசைவு வயதுக் குழு சர் மோரோபந்த் ஜோஷியின் தலைமையில் இயங்கியது. ஆற்காடு இராமசாமி முதலியார், இராமேசுவரி நேரு, சென்னை விக்டோரியா மருத்துவமனையின் கண்காணிப்பாளர் டாக்டர் ஓ'பிரையன் பீடன் ஆகியோர் உறுப்பினராயிருந்தனர். 1929இல் அளிக்கப்பட்ட இக்குழுவின் அறிக்கை, இளவயது மணத்தையும் இளவயது மகப்பேற்றையும் பிரித்து நோக்கியது. பின்னதே பெருந்தீங்கு எனத் துணிந்தது. உடன்கட்டையைச் சட்டத்தால் தடுத்தது முறையாயின், அதனினும் பரந்துபட்ட இத்தீங்கைத் தடுப்பதும் முறையே என வாதிட்டது. பெண்ணின் மண வயது பதினான்கு, மணவுறவுக்குள் இசைவு வயது பதினைந்து, வெளியே பதினெட்டு எனப் பரிந்துரைத்தது. மணங்களைப் பதிவு செய்யவும் கோரியது.

இப்பரிந்துரைகளில் நிறைவேறியது மண வயது மட்டுமே. ஹர் பிலாஸ் சாரதா 1927இல் இந்துக்களுக்கு மட்டுமெனக் கொணர்ந்த முன்வரைவு, தெரிவுக் குழுவில் எல்லாச் சமயத்தார்க்கும் உரியதாக மாற்றப்பட்டு 1929இல் சட்டமாயிற்று. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என வயது வரையறுக்கப்பட்டது. 1930 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மகப்பேற்றைத் தனித்தீங்காகக் கண்ட அறிக்கையிலிருந்து மணத்தை மட்டும் தொடும் சட்டமே பிறந்தது என்பது வரலாற்றின் முரண்.

சட்டத்தின் வலுவின்மை

சாரதா சட்டத்தின் அமைப்பிலேயே அதன் தளர்ச்சி பொதிந்திருந்தது. விதிமீறி நடந்த மணம் செல்லாததாகவில்லை. காவலர் தாமே கைது செய்ய இயலாது. ஒருவர் முறையிட்டால்தான் வழக்கு. முறையீடும் ஓராண்டுக்குள் அமைய வேண்டும். முறையிடுபவர் நூறு ரூபாய் வரை பிணைப் பத்திரம் எழுதித்தர வேண்டியிருந்தது. அக்காலத்தில் சிற்றூரில் அத்தொகை எளிதன்று. உறவினர் மணத்தை எதிர்த்து வழக்கிடுவது ஊரையும் சாதியையும் பகைப்பதாகும். இவ்வனைத்தையும் கடந்து வழக்கிட்டாலும் வயதை நிறுவும் சான்று அரிது. சென்னைப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1899இல் இயற்றப்பட்டிருந்தும் பதிவு எங்கும் முழுமை பெறவில்லை. ஜாதகமே சான்றாயிற்று, அதனை எழுதி வைத்திருந்தவர் பெண்ணின் பெற்றோர்.

சட்டம் இயற்றப்பட்டதற்கும் நடைமுறைக்கு வந்ததற்கும் இடைப்பட்ட ஆறு மாதங்களில் நாடெங்கும் குழந்தை மணங்கள் பெருகின. 1931 கணக்கெடுப்பில் இந்தியாவில் பதினைந்து வயதுக்குட்பட்ட மனைவியர் தொகை முந்தைய கணக்கெடுப்பின் ஏறத்தாழ 85 இலட்சத்திலிருந்து 1 கோடியே 20 இலட்சத்தைத் தாண்டியது. எலியனார் ராத்போன் 1934இல் வெளியிட்ட நூலில் இதனைச் சட்டத்தின் தோல்விக்குச் சான்றாக எடுத்துக்காட்டினார். நீதிமன்றம் முன்கூட்டியே மணத்தைத் தடைசெய்யும் அதிகாரம் 1938ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலமே கிடைத்தது.

எனினும் சட்டம் பயனற்றது எனத் தள்ளிவிட இயலாது. மகளைப் படிக்க வைக்க விரும்பிய பெற்றோருக்கு அது உறவினரிடம் சொல்லத்தக்க காரணமாக அமைந்தது. நகர்ப்புற நடுத்தர வகுப்பில், குறிப்பாக எந்தச் சமூகத்தைக் குறித்து விவாதம் எழுந்ததோ அச்சமூகத்தில், மண வயது ஓரிரு தலைமுறையில் விரைந்து உயர்ந்தது. பதினோராம் வயதில் மணமாகி விரைவிலேயே கைம்மையுற்ற சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் பட்டம் பெற்று இளங்கைம்பெண்களுக்கெனத் தொடங்கிய இல்லம் அவர்களை ஆசிரியைகளாக்கியது. பெண் ஊதியம் ஈட்ட இயலும் என்ற மெய்ப்பிப்பு, மணத்தைத் தள்ளிப்போடுவதற்கான பொருளாதாரக் காரணத்தை முதன்முதலாக உருவாக்கிற்று.

விடுதலைக்குப் பின்: பள்ளியும் சட்டமும்

1949இல் பெண்ணின் மண வயது பதினைந்தாக உயர்ந்தது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் அதனையே ஏற்றது. செங்கற்பட்டு மாநாடு கேட்ட பதினாறை அடையாமலே கால் நூற்றாண்டு கழிந்தது. 1978ஆம் ஆண்டுத் திருத்தமே பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என வகுத்தது. ஆனால் தண்டனைச் சட்டத்தின் விதிவிலக்கில் மனைவியின் வயது பதினைந்தாகவே நின்றது. மணப்பதற்குப் பதினெட்டு, மணந்த பின் உறவுக்குப் பதினைந்து என்னும் இம்முரணை உச்சநீதிமன்றம் 2017இல்தான் நீக்கியது.

இவ்விடைக்காலத்தில் தமிழகத்தின் மாற்றத்திற்குப் பள்ளியின் பங்கு பெரிது. 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் இருந்தும், பூப்பெய்திய பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதே வழக்கம். அருகில் நடுநிலைப் பள்ளியும் ஆசிரியையும் இல்லாமை அதற்கு ஏற்ற காரணமாயிற்று. 1956இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும், ஊர்தோறும் பெருகிய பள்ளிகளும் ஏழைப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பும் செலவைக் குறைத்தன. 1982இல் சத்துணவுத் திட்டம் விரிவுற்றது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் அறிவிக்கப்பட்ட திருமண உதவித் திட்டம், எட்டாம் வகுப்பு வரை பயின்று பதினெட்டு வயது நிறைந்த பெண்ணுக்கு 5,000 ரூபாய் வழங்கியது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவரின் பெயரால் அமைந்த இத்திட்டம் மணச் செலவையே கல்விக்கான தூண்டுகோலாக்கிற்று. அதே ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் மகளிர்க்குக் குடும்பச் சொத்தில் பங்களித்தது. செங்கற்பட்டின் இரு கோரிக்கைகளும் அறுபது ஆண்டுகளுக்குப் பின் ஒருங்கே அரசின் கொள்கையாயின.

தொடரும் சிக்கல்

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 20–24 வயதுப் பெண்களில் 12.8 விழுக்காட்டினர் பதினெட்டுக்கு முன் மணமானவர். இந்திய அளவு 23.3 விழுக்காடு. ஆனால் 15–19 வயதில் தாயாகவோ கருவுற்றோ இருந்தவர் தமிழ்நாட்டில் 6.3 விழுக்காடு; இந்திய அளவு 6.8. மண வயதில் பெரிதாக முந்தியிருக்கும் மாநிலம் இளவயது மகப்பேற்றில் சற்றே முந்தியிருக்கிறது. மேலும் நான்காம் ஆய்வில் (2015–16) 5.0 விழுக்காடாக இருந்தது இங்கு உயர்ந்துள்ளது. இந்திய அளவோ 7.9இலிருந்து குறைந்துள்ளது. பதினெட்டும் பத்தொன்பதும் நிறைந்து சட்டப்படி மணந்தோரும் இக்கணக்கில் அடங்குவர் என்பதை மறத்தலாகாது. எனினும் மணத்தின் கணக்கு வேறு, மகப்பேற்றின் கணக்கு வேறு என்னும் ஜோஷி குழுவின் கண்டறிதல் இன்றும் பொருந்துகிறது.

பொருளாதாரக் காரணிகளும் உருமாறி நிற்கின்றன. மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்னும் பெயரில் வளரிளம் பெண்கள் மூன்றாண்டு உழைத்து வரதட்சணைக்கான தொகை ஈட்டும் முறை தோன்றியது. அது மணத்தைத் தள்ளிப்போட்டது. ஆனால் கல்வியின் வழியன்று. வானம்பார்த்த நிலமுடைய தருமபுரி, கிருட்டினகிரி பகுதிகளில் வேலை தேடி வெளியூர் செல்லும் பெற்றோர், பெண்ணைத் தனியே விட அஞ்சி விரைந்து மணம் முடிக்கின்றனர். சாதி கடந்த காதல் பற்றிய அச்சம் இதனை மேலும் விரைவுபடுத்துகிறது.

2012ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றத் தடுப்புச் சட்டம் புதியதொரு சூழலை உருவாக்கியுள்ளது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண் கருவுற்று மருத்துவமனைக்கு வந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். குற்றத்தைத் தடுக்க எழுந்த இவ்விதி, கணவனோ தந்தையோ சிறை செல்வர் என்ற அச்சத்தால் பெண்ணை மருத்துவரிடமிருந்து விலக்கிவிடும் இடருடையது. கருக்கலைப்பு நாடும் சிறுமியின் அடையாளத்தை மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என 2022இல் உச்சநீதிமன்றம் கூறியது இவ்விடரை உணர்ந்தே. பேற்றை முழுமையாக்க விரும்பும் சிறுமிக்கு அத்தகைய காப்பு இன்னும் தெளிவாக இல்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிபுகள் பெறப்படுகின்றன. இளவயது மகப்பேறு எந்த ஒரு சாதியின் அல்லது சமயத்தின் தனி வழக்கம் அன்று. பரிசம், வரதட்சணை, நிலம், உழைப்பு ஆகியவை வெவ்வேறு வழிகளில் ஒரே விளைவை உருவாக்கின. மண வயதை மட்டும் நோக்கிய சட்டங்கள் புலப்பட்ட சமூகத்தைத் திருத்தின. புலப்படாத பெரும்பான்மையை அணுகவில்லை. பள்ளி, உணவு, ஊதியம், சொத்துரிமை ஆகியவை சேர்ந்த இடத்திலேயே சட்டத்தின் வயது வாழ்வின் வயதாயிற்று.

ஒன்றரை நூற்றாண்டில் சட்டத்தின் வயது பத்திலிருந்து பதினெட்டாக உயர்ந்துள்ளது. ஒவ்வொரு முறையும் பெண்ணைச் சுற்றியிருந்தோரின் குற்றம் எது என்பதைச் சட்டம் வரையறுத்தது. ஏற்கெனவே தாயாகிவிட்ட சிறுமிக்கு என்ன செய்வது என்னும் வினாவை அது ஒருபோதும் முதன்மையாக எழுப்பவில்லை. திண்டிவனத்தில் இறந்த மூவர்க்கு மருத்துவர் எட்டாமற்போனது சமூகத் தடையால். இன்று ஒரு சிறுமிக்கு மருத்துவர் எட்டாமற்போவது சட்ட அச்சத்தால் நிகழுமாயின், அது சீர்திருத்த வரலாற்றின் நோக்கத்திற்கே மாறானது. முதற்பேற்று வயதை வட்டார, தொழில், சாதி வாரியாகத் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.